மறுபடியும் அந்த ஊசியா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில். கல்லீரல் தொடர்பாக வந்த கடிதங்களுள் ஹெபடைட்டிஸ் சி பற்றியவையும் அதையொட்டியவையும் இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஐந்து ஏக்கர் நஞ்சையில் சொந்தமாகப் பயிர் செய்கிறார். 1996-இல் ஒரு விபத்தில் அடிபட்டு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். 2012-இல் ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரியவந்து, ஆடி மாதத்தில் வாரம் ஓர் ஊசியும் நாள்தோறும் மாத்திரையுமாகச் சிகிச்சை தொடங்கியது. ஊசி போட்ட இரவெல்லாம் குளிர் நடுக்கம். மூன்று மாதத்திற்குள் எட்டுக் கிலோ குறைந்து, முடி கொட்டி, யாரிடமும் பேசாமல் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சம்பா நடவு நேரத்தில் ‘இனி என்னால் முடியாது’ என்று தாமாகவே நிறுத்திவிட்டார். இப்போது சர்க்கரை நோய்க்காகப் பரிசோதித்தபோது அந்தக் கிருமி இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ‘மறுபடியும் அந்த ஊசியா? அதற்கு இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவருக்கு இனி அந்த ஊசி வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், அம்மா. ஹெபடைட்டிஸ் சி கிருமிக்கு இன்று தரப்படுவது நாளுக்கு ஒரு வேளை விழுங்கும் ஒன்றிரண்டு மாத்திரைகள்தாம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரங்களில் அது முடிந்துவிடுகிறது. ஒரு குறுவைப் பயிர் விதைத்து அறுவடைக்கு வர ஏறத்தாழ 110 நாள் ஆகிறது. இந்தச் சிகிச்சைக்கு 84 நாள். பயிர் செய்கிறவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

அவருடைய மறுப்பைப் பிடிவாதம் என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அவருக்குப் போடப்பட்டது பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் என்ற மருந்தாகத்தான் இருக்க வேண்டும். இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் நுழைந்ததும் நம் உடலே சுரக்கும் பொருள், 1957-இல் கண்டறியப்பட்டது. ஃப்ளூ காய்ச்சலில் உடம்பு முறித்துப் போடுவதுபோல் வலிப்பதற்கும் குளிர் எடுப்பதற்கும் எழுந்து நிற்கவே தோன்றாத அசதிக்கும் கிருமியைவிட அந்தப் பொருளே பெரிதும் காரணம். அதையே வெளியிலிருந்து வாரந்தோறும் ஊசியாகச் செலுத்தினால், ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு காய்ச்சலை வரவழைத்துக்கொள்வது போலத்தான் ஆகும். தொடக்கத்தில் வாரம் மூன்று முறை போட வேண்டியிருந்த இந்த மருந்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட மூலக்கூறைப் பிணைத்த பிறகு உடலில் பல நாள்கள் தங்கி வாரம் ஒரு முறை போட்டாலே போதும் என்றானது. ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் அசதி வாரம் முழுதும் நீடித்ததற்கு அதுவே காரணம். உடன் தரப்பட்ட ரிபாவிரின் மாத்திரை சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்த சோகையை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்த பாரத்தோடு அவர் நடவு வயலில் நின்றிருக்கிறார்.

திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னை மிகவும் உறுத்தியது. இன்டர்ஃபெரான் மூளையின் வேதியியலையும் கலைக்கும். மனச்சோர்வு, காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை அது கொண்டுபோய் விட்டதுண்டு. தைராய்டு சுரப்பியையும் பாதிப்பதால் சோர்வு இன்னும் கூடும். அவர் மனம் தளர்ந்தது மருந்தினால். அவருடைய மன உறுதியில் குறையிருந்ததால் அன்று. அந்த ஆண்டுகளில் நானும் இந்த ஊசியைப் பலருக்கு எழுதிக்கொடுத்தவன். ‘இரண்டு நாள் கொஞ்சம் காய்ச்சல் இருக்கும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பியதும் உண்டு. மனநிலை மாறக்கூடும் என்பதை வீட்டுப் பெண்களிடம் தனியே சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால்தான் உறைத்தது. அன்று அவரிடமும் உங்களிடமும் யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால், அவர் அதைத் தம் தோல்வியாக இத்தனை ஆண்டுகள் சுமந்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சிகிச்சையை முழுதாக முடித்தவர்களுக்கும் பலன் உறுதியாக இருந்ததில்லை. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் மரபணு வகைக் கிருமிக்கு 24 வாரம் ஊசி போட்டால் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். முதல் வகைக்கு 48 வாரம் போட்டும் பாதிப் பேர்தான் தேறினார்கள். 2013-இன் இறுதியில் அமெரிக்காவிலும் 2015-இல் இந்தியாவிலும் அனுமதிக்கப்பட்ட சோஃபோஸ்புவிர் இந்த நிலையை மாற்றியது. அது கிருமி தன்னைப் படியெடுத்துப் பெருகப் பயன்படுத்தும் நொதியையே நேராகத் தடுக்கிறது. டக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் அதற்குத் துணையாகச் சேர்க்கப்படுகிறது. குணமாகும் விகிதம் 95 விழுக்காட்டுக்கு மேல். தலைவலி, சற்றே சோர்வு, குமட்டல் ஆகியவை சிலருக்கு வரலாம். பெரும்பாலோர் தம் வேலையை வழக்கம்போலப் பார்க்கிறார்கள். முன்பு ஊசியைப் பாதியில் விட்டதால் இந்த மாத்திரை பலிக்காது என்று அவர் நினைத்தால் அதுவும் சரியன்று.

தள்ளிப்போடுவதற்குத்தான் இடமில்லை. ஹெபடைட்டிஸ் சி கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல். நம் ரத்த வங்கிகளில் அதற்கான பரிசோதனை கட்டாயமானது 2001 வாக்கில். 1996-இல் ஏற்றிய ரத்தத்தில் வந்திருந்தால் கிருமி அவர் கல்லீரலில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை என்பதை வைத்துக் கல்லீரல் நன்றாக இருப்பதாகக் கொள்ள முடியாது. எனவே முதலில் வைரஸ் அளவு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்கேன், தட்டணு எண்ணிக்கை, சிறுநீரகப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிருமிகளும் இருந்தால், சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும்.

அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகள் அனைத்தையும், ஒரு பையில் போட்டாவது, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோனுடன் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இம்மாத்திரையின் பலனைக் கெடுக்கும். வெல்படாஸ்விர் எடுத்துக்கொள்பவர் வயிற்றெரிச்சலுக்குக் கடையில் தாமாக வாங்கிப் போடும் ஓமெப்ரசோலும் அப்படித்தான். நம் ஊரில் அதை மருந்து என்றே பலர் கணக்கில் வைப்பதில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கிருமி குறையும்போது சர்க்கரையும் இறங்கலாம் என்பதால், முதல் சில வாரங்களில் அடிக்கடி அளந்து பார்த்து, தேவையானால் சர்க்கரை மருந்தின் அளவை மருத்துவர் மாற்றுவார்.

செலவை நினைத்து அவர் தயங்கினால், தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் விசாரியுங்கள். அவரை வற்புறுத்த வேண்டாம். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும்படி கேட்காமல், மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிட்டு வரலாம் என்று மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 31; ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. வாரம் ஒன்றாக 48 வாரத்திற்குப் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் ஊசி போடச் சொல்லி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்றுத் தந்திருக்கிறார்கள். சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்குகிறது. ஊசி போட்ட மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. மின்தடை வேறு; கஜா புயலின்போது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர் எங்களுடையது. மருந்து கெட்டுவிடாதா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: முந்தைய கடிதத்தில் பேசிய அதே மருந்துதான் உங்களுக்கும். சி வகைக்கு அது ஏறக்குறைய வழக்கொழிந்தாலும், பி வகையில் தேர்ந்தெடுத்த சிலருக்கு இன்றும் பயன்படுகிறது.

கை நடுக்கம் வெட்கப்பட வேண்டியது அன்று. முதல் நான்கைந்து ஊசிகளை மருத்துவமனையில் செவிலியர் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே போடுங்கள். தவறினால் திருத்த ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே பாதி நடுக்கத்தைக் குறைத்துவிடும். இது இன்சுலினைப் போலத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போடும் ஊசி; நரம்பையோ ரத்தக்குழாயையோ தேட வேண்டியதில்லை. சிரிஞ்சை அரை மணி நேரத்திற்கு முன்பே குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். சில்லென்று இருக்கும் மருந்துதான் அதிகம் எரியும். வெயிலில் வைத்தோ வெந்நீரில் இட்டோ சூடாக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. மருந்து தெளிவாக இருக்கிறதா, துகள் மிதக்கிறதா என்று பாருங்கள். சோப்புப் போட்டுக் கைகழுவி, தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி வயிற்றிலோ தொடையின் முன்புறத்திலோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது முழுதாக உலரும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் சுரீர் என்று எரிவதை மருந்தின் குற்றம் என்று நினைத்துக்கொள்வோம். தோலைச் சேர்த்துப் பிடித்து, தயங்கித் தயங்கிக் குத்தாமல் ஒரே சீராக ஊசியைச் செலுத்தி, மருந்தை மெதுவாக அழுத்துங்கள். எடுத்த பிறகு பஞ்சை வைத்து அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். இந்த வாரம் வலத்தொடை என்றால் அடுத்த வாரம் இடத்தொடை, அதன்பின் வயிறு என்று மாற்றிக்கொண்டே வந்து, ஒரு நாட்காட்டியில் குறித்து வைக்கவும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துக் கட்டியாகிவிடும். காசளவு சிவந்திருப்பது இயல்பு. அது சூடாகிப் பரவினாலோ சீழ் கோத்தாலோ உடனே காட்டுங்கள்.

மறுநாள் படும் பாட்டைக் குறைக்க, ஊசிக்கான கிழமையை உங்கள் வேலையை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் விடுமுறை என்றால் முந்தைய இரவு, உணவுக்குப் பின், படுக்கப்போகும் நேரத்தில் போட்டுவிட்டால் குளிரின் ஒரு பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கல்லீரல் நோயாளி ஒரு நாளில் 2 கிராமுக்குமேல் போகக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. கடைகளில் உடம்பு வலிக்குக் கூட்டாகக் கட்டித் தரும் மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் போன்றவை இருக்கும் என்பதால் அவற்றை அறவே தவிருங்கள். ஊசி நாளிலும் அடுத்த நாளிலும் தண்ணீர், நீர்மோர், கஞ்சி என்று நிறையக் குடித்தால் தலைவலி மட்டுப்படும். பலருக்கு முதல் ஒரு மாதம்தான் கடுமையாக இருக்கும். பிறகு காய்ச்சல் தணிந்து அசதி மட்டும் நிற்கும். கொட்டும் முடி, சிகிச்சை முடிந்தபின் திரும்ப வளர்ந்துவிடும்.

மருந்து 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். கதவிலுள்ள தட்டிலோ உறைபெட்டியை ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். நாலைந்து மணி நேர மின்தடை ஒரு பொருட்டன்று, திறந்து திறந்து பார்க்காதவரை. இந்தச் சிரிஞ்சு பெட்டிக்கு வெளியே 24 மணி நேரத்திற்குமேல் இருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஆனால் வெப்பத்தைவிட நான் அஞ்சுவது, பதற்றத்தில் பனிக்கட்டிக்குள் புதைத்துவிடுவதைத்தான். ஒரு முறை உறைந்த மருந்து உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயனற்றது. தெர்மாகோல் பெட்டியில் வைக்க நேர்ந்தால் ஐஸுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே மடித்த துணி இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு மாத ஊசிகளை மொத்தமாக வாங்கி வீட்டில் சேர்க்காமல், வாரத்திற்கு ஒன்றாக வாங்கிக்கொள்ள மருந்தகத்தில் பேசி வையுங்கள்.

போட்டு முடித்த ஊசியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, பெரும்பாலோர் கேட்பதில்லை. மூடியை மறுபடி மாட்ட முயலும்போதுதான் விரலில் குத்திக்கொள்கிறார்கள். மாட்டாமல், வளைக்காமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் நேரே போட்டு, டப்பா நிறையும் முன்பே மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வாய்க்காலில் எறிந்தால் குளிக்கும் பிள்ளைகளின் காலில் குத்தும். எருக்குழியில் போட்டால் கோடையில் எருவோடு வயலுக்குப் போய், நாற்று நடும் பெண்ணின் வெறுங்காலில் ஏறும். உங்கள் ரத்தம் பட்ட ஊசி அது. வீட்டில் உள்ளவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். சி வகைக்கு அப்படி ஒரு தடுப்பூசி இன்னும் இல்லை. பி வகைக்கு இருக்கிறது.

ரத்த அணுக்களையும் தைராய்டையும் குறித்த நாளில் பரிசோதிக்கத் தவறாதீர்கள். இரண்டு நாளைக்குமேல் நீடிக்கும் காய்ச்சல், மூச்சுத் திணறல், பார்வை மங்கல், ஈறில் ரத்தக் கசிவு ஆகியவற்றுக்கு அடுத்த ஊசிவரை காத்திருக்கக் கூடாது. ‘வாழ்ந்து என்ன’ என்ற எண்ணம் தலைகாட்டினால் அதுவும் மருந்தின் விளைவாகவே இருக்கலாம். காய்ச்சலைச் சொல்வதுபோல அதையும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம்.

கேள்வி: என் தாயாருக்கு ஹெபடைட்டிஸ் சி-யால் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. இப்போது மாத்திரையோடு ரிபாவிரினும் தருகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடலெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை. ரிபாவிரினை மட்டும் யாருக்கும் சொல்லாமல் பாதியாகக் குறைத்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை தரலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை அன்று இது, ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் வருவது. எனவே நீங்களாக இரும்பு மாத்திரை தர வேண்டாம். முருங்கைக் கீரை சமைத்துப் போடுங்கள், கெடுதலில்லை. மூச்சு வாங்குவது அதனால் நிற்காது. இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். 10 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரிபாவிரின் அளவைக் குறைப்பதும், 8.5-க்குக் கீழே போனால் நிறுத்துவதும் மருத்துவர்களே செய்வதுதான். உங்கள் தாயார் செய்தது ஒருவேளை சரியாகவே இருக்கலாம். மருத்துவருக்குத் தெரியாமல் செய்ததுதான் பிழை. ரிபாவிரினை விட்டுவிட்டு மற்ற மாத்திரையை மட்டும் 24 வாரம் தரும் வழியும் இருக்கிறது. மற்ற மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்.

ரிபாவிரினை உணவோடு தர வேண்டும். இரண்டாம் வேளையை இரவுக்கு வைக்காமல் மாலையிலேயே சிற்றுண்டியோடு தந்தால் தூக்கம் சற்று மேம்படலாம். அரிப்புக்குக் குளித்து ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தடிப்பு பரவினால் காட்டுங்கள். கரு உருவாகும் காலத்தில் ரிபாவிரின் கடும் ஊனத்தை விளைவிக்கும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொட வேண்டாம்.

உப்பைக் குறைத்ததோடு நில்லாமல் ‘காமாலைப் பத்தியம்’ என்று பருப்பு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி அரிசிக் கஞ்சியில் விட்டிருந்தால் அதை இன்றே மாற்றுங்கள். கல்லீரல் சுருங்கியவருக்குப் புரதம் வேண்டும். இரவு படுக்குமுன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும். கைகால் மெலிந்துகொண்டே போவது இவர்களுக்கு நீர் கோப்பதைப் போலவே கெடுதல்.

கேள்வி: கீழாநெல்லி சாப்பிட்டால் ஹெபடைட்டிஸ் சி குணமாகுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: குணமாகாது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி இனச் செடி ஒன்றை பி வகைக்குத் தந்து நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டது உண்மை. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தாமாகவே தணியும் ஏ வகைக் காமாலையில் கீழாநெல்லிக்கு நற்பெயர் கிடைத்தது. சி வகை பெரும்பாலோருக்குத் தாமாகத் தணிவதில்லை. மாத்திரை எடுக்கும் காலத்தில் எந்தச் சூரணமும் வேண்டாம்.

கேள்வி: மூன்று மாத மாத்திரையை முடித்துக் குணமாகிவிட்டேன். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் சி ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?
– வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: அவர்கள் பார்த்தது, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதத்தை. கிருமி போன பிறகும் அது பல்லாண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுதும், ரத்தத்தில் இருக்கும். கிருமி இருக்கிறதா என்று காட்டுவது ஆர்.என்.ஏ. பரிசோதனை, மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து அது ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்திருந்தால் நீங்கள் குணமானவர். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இப்போது செய்யுங்கள். அந்தச் சான்றையும் சிகிச்சை அட்டையையும் பரிசோதனை நிலையத்தில் காட்டலாம். ஆனால் எதிர்ப்புரதம் இருந்தாலே மறுக்கும் விதி சில நாடுகளில் உண்டு. அங்கே மருத்துவரின் கடிதம் செல்லாமல் போகலாம் என்பதையும் அறிந்துகொண்டு, முகவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.